கரையில் நிற்பதும் வீரமே!

ஒரு பிள்ளை வழுக்கிக் குளத்திலே விழுகிறது. அதைக் காக்க இன்னொரு பிள்ளை குதிக்கிறது. இருவரையும் காக்க மூன்றாவது பிள்ளை பாய்கிறது. மாலையிலே கரையில் மூன்று உடல்கள்! ஊர் கூடி அழுகிறது. "எல்லாம் விதி" என்று சொல்லிக் கலைகிறது.

விதியா? அல்ல! கற்றுத் தராத கொடுமை என்கிறோம் நாம்.

குதித்தவன் அன்பால் குதித்தான், அதை மறுப்பாரில்லை. ஆனால், மூழ்குகிறவன் கைக்கு எட்டியதைப் பற்றுவான். எட்டியது தோழனின் கழுத்தானால் அதையும் விடான். நீந்தத் தெரிந்தவனும் இப்படித்தான் மாள்கிறான்.

ஆகவே பிள்ளைகட்குச் சொல்லுவோம்: குதிக்காதே, கூவு! கரையிலே குப்புறப் படுத்துக் கழியை நீட்டு! கழி எட்டாவிட்டால் கயிற்றை எறி! கயிறு இல்லையேல் மூடி இறுக்கிய காலி கேனை எறி! கரை சேர்ந்தவனைத் தலைகீழாகச் சுற்றாதே, வயிற்றை அமுக்காதே, 108-ஐ அழை! மூச்சு நின்றிருந்தால், பழகிய பெரியவர் வாயோடு வாய்வைத்து ஊதி, மார்பை அழுத்தட்டும்.

2021-இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பள்ளிப் பிள்ளைகட்கு நீச்சலோடு பத்திரமாக மீட்கும் முறையையும் கற்பியுங்கள் என்று அரசுகளுக்கு அறிவுறுத்துகிறது. அதே 2021-இல், வங்கதேசமும் அயர்லாந்தும் முன்னிற்க, சூலை 25-ஐ மூழ்குதல் தடுப்பு நாளாக ஐ.நா. அறிவித்தது. செல்வம் கொழிக்காத வங்கதேசம் விழித்துக்கொண்டது; ஏரியும் கிணறும் நிறைந்த நாம் விழிக்க வேண்டாமா?

சீமான் வீட்டுப் பிள்ளைக்கு நீச்சல்குளம் உண்டு, பயிற்சியாளர் உண்டு. பெற்றோர் ஆலைக்கும் கழனிக்கும் போனபின், உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு உள்ளது மணல் அள்ளிய பள்ளமும் கைவிட்ட கல்குவாரியும்தானே!

கோடி கேட்கவில்லை நாம். பள்ளிகளிலே வாரம் ஒரு மணி நேரம் கேட்கிறோம். அரசு அதைத் தந்தாக வேண்டும்!

ஆணை வரும்வரை காத்திராதீர், தோழர்களே! படிப்பகம் கட்டிய கைகள் அல்லவா உங்கள் கைகள்? குளக்கரைதோறும் ஒரு கழி, ஒரு கயிறு, ஒரு கேன் கட்டி வையுங்கள். ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் கூட்டி, கரையில் நின்றபடியே எறியப் பழக்குங்கள். கோடை விடுமுறை பிறக்குமுன், கயிறு கரைக்கு வந்து சேரட்டும்!