தண்டனை முடிந்த பின்னும் தண்டனையா?

சிறைக்கதவு திறக்கிறது. "போ, உனக்கு விடுதலை!" என்கிறது சட்டம். எங்கே போவான்? அட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலை மலையிற் பிறந்தவனுக்குப் போக்கிடம் எது?

நாட்டுப்புறத்தானுக்குத் தந்தை விட்டுச் சென்ற காணித் துண்டேனும் இருக்கலாம். தோட்டத் தொழிலாளிக்கு உள்ளதோ 10 அடிக்கு 12 அடி லயக் காம்பிரா ஒன்றே! அதுவும் தோட்டத்தின் சொத்து. 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992 இல் அவற்றின் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. கைகள் மாறின, காம்பிரா அவனுடையதாகவில்லை. வேலையை நம்பியே கூரை. செக்ரோலில் பெயரை நம்பியே வேலை. சிறை சென்றவனுக்கு முதலிற் போவது அந்தப் பெயர்தான். அபராதம் கட்டப் பணமின்றி அடைபட்டவனுக்கும் இதே கதி. 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் நெடுநாள் வாடி, குற்றமற்றவனென வெளிவந்தவனுக்கும் இதே கதி!

புனர்வாழ்வு என்று பெயர் சூட்டினால் வாழ்வு வந்துவிடுமா? பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவையில் இருந்ததும் புனர்வாழ்வு முகாமே. 2000 ஒக்டோபர் 25 அன்று, காவலர் நின்றிருக்கவே, வெறிக்கும்பல் புகுந்து 25 இற்கும் மேற்பட்ட தமிழ் இளைஞரைக் கொன்று குவித்தது. 2003 இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 முடிவதற்குள் ஐவரும் விடுதலை பெற்றனர். வாழ்வு தேடிய இளைஞர் மாண்டனர். கொலைக்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை!

"குற்றவாளிக்கு இரக்கமா?" என்பர் சிலர். இரக்கம் கேட்கவில்லை, கணக்குக் கேட்கிறோம். நீதிமன்றம் விதித்தது ஓராண்டெனில், ஓராண்டோடு கடன் தீர்ந்தது. அதன்மேல் வேலையைப் பறித்து, கூரையைப் பறித்து, ஆயுள் முழுதும் தண்டிக்கும் அதிகாரத்தைத் தோட்டத்துக்குத் தந்தவர் யார்? உழைக்க வழியற்றவனை மீண்டும் கசிப்புக் காய்ச்சவும் களவெடுக்கவும் துரத்திவிட்டு, "பார், திருந்தவில்லை!" எனக் கைகொட்டுவதுதான் நீதியா?

விடுதலையோடு சமுதாயத்தின் கடமை முடிவதில்லை என்பது 1955 இலேயே ஜெனீவாவில் வகுக்கப்பட்ட விதி. 2015 இல் ஐக்கிய நாடுகள் சபை அதனைப் புதுப்பித்து மண்டேலாவின் பெயரைச் சூட்டியது. 27 ஆண்டுகள் சிறையிலிருந்த அவர் நாடாள முடிந்தது. நம் தோழன் கொழுந்துக் கூடை சுமக்கவும் தகாதவனா?

அரசே, லயத்து மக்களுக்குக் காணி உறுதி கொடு. அப்போது சிறைக்குப் போனவனுக்கும் திரும்பிவர ஒரு வாசல் இருக்கும். கம்பனிகளே, தண்டனை முடித்தவனின் பெயரை மீண்டும் செக்ரோலில் எழுதுங்கள். மாதந்தோறும் சந்தா பிடிக்கும் சங்கங்களே, அவன் பிரட்டுக்களத்தில் தலைகுனிந்து நிற்கும் காலையில் துரையிடம் அவனுக்காக வாய் திறவுங்கள்!

லயத்து மக்களே! அவன் வரும் நாளில் உங்கள் கதவை மூடாதீர்கள். சிறைக்கதவே திறந்த பின், நாம் பூட்டலாமா?