கேக் வேண்டாம், பஸ் அனுப்புங்கோ

போன வருஷம் ஒக்ரோபர் முதலாம் திகதி நாங்கள் முப்பது பேர் பஸ் பிடித்து ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனோம். யாழ்ப்பாணத்துக்குள்தான். பெயர் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் பிழை விட்டது அந்த இல்லம் இல்லை, நாங்கள். பனர் அடித்திருந்தோம். ஸ்பீக்கர் கொண்டு போனோம். இரண்டு பாட்டு, ஒரு நடனம், ஒரு பேச்சு, கேக், பிறகு ஃப்ரைட் றைஸ் பார்சல். ஒன்றரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. பின்னேரமே படங்கள் முகநூலில்.

கேக் கொடுத்துக்கொண்டு போகேக்க ஒரு அம்மா கேட்டார்: "பிள்ளையள், காலமை வந்ததும் உங்கட ஆக்களோ?" இல்லை அம்மா என்றோம். "அப்ப இது மூண்டாவது கேக்" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்குச் சீனி வருத்தம் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

பிறகு அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு இன்னொன்று கேட்டார்: "அந்த பஸ் எங்க போகுது?"

அவர் மயிலிட்டிக்காரர். 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்த சனத்தில் ஒருவர். 2017இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுபட்ட செய்தியை ரேடியோவில் கேட்டவர். இன்னும் போய்ப் பார்க்கவில்லை. "ஒருக்காக் கிணத்தடியைப் பாத்திட்டு வந்தாக் காணும்" என்றார். அங்கிருந்து மயிலிட்டிக்கு ஒரு மணித்தியால ஓட்டம்கூட இல்லை. ஐம்பது பேர் இருக்கக்கூடிய எங்கட பஸ் வாசலில், மர நிழலில், ஒன்றரை மணித்தியாலம் சும்மா நின்றது. நாங்கள் "கம்பஸுக்கு அம்மா" என்று சொல்லிவிட்டு, பார்சலைக் கையில் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு வந்தோம்.

அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம். வெட்கப்பட்டு முடிக்கிறதுக்கு இல்லை. அன்றைக்கு நாங்கள் செய்ததை யாழ்ப்பாணம் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது; அதை நிப்பாட்டுவோம் என்று சொல்லுறதுக்கு.

இலங்கையில் சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒரே நாளில் வருகிறது. அதாலயோ என்னவோ, இரண்டு பேரையும் ஒரே மாதிரித்தான் நடத்துறம். வரிசையில் இருத்துறம். மைக்கில் "எல்லாரும் கை தட்டுங்கோ" என்கிறம். கன்னத்தைத் தடவுறம். கேக் தீத்துறம். எண்பது வயது ஆளோட ஐந்து வயதுப் பிள்ளையோட கதைக்கிற குரலில் கதைக்கிறம். அந்த இல்லத்தில் முப்பது வருஷம் கணிதம் படிப்பித்த ஒரு வாத்தியார் இருந்தார். எங்களில் ஒருத்தர் அவரிட்ட "தாத்தா, பாட்டுப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். அவர் எங்களை வகுப்புப் பிள்ளையளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

வெளிக்கிடேக்க அவரிட்டயே கேட்டோம்: "அடுத்த மாசம் இங்க என்ன இருக்கு சேர்?" அவர் சொன்னார்: "சாப்பாட்டைக் கேக்கிறியளோ? அது போர்ட்டில கிடக்கு."

போய்ப் பார்த்தோம். மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. ஒரு கட்டத்தில் ஓர் அமரரின் ஆண்டு நினைவு, மதிய உணவு. இன்னொன்றில் கனடாவில் ஒரு பிள்ளையின் முதலாவது பிறந்தநாள், காலைச் சாப்பாடு. இன்னொன்றில் லண்டனில் ஒரு கலியாண நாள், இரவுச் சாப்பாடு. முப்பது கட்டத்திலும் தேடினோம். அங்கே இருக்கிற ஆக்கள் அன்றைக்கு என்ன செய்யப்போகினம் என்று ஒரு கட்டத்திலும் இல்லை. அவையின்ர மாதம் வேறு குடும்பங்களின் பிறப்பாலும் இறப்பாலும் ஆனது.

எங்கட வாதம் இதுதான்: முதியோர் இல்லத்தின் மாதத்தை அங்கே வாழுகிறவை தீர்மானிக்க வேணும். கொடுக்கிறவை தீர்மானிக்கக் கூடாது.

உடனே வாற முதல் மறுப்பு எங்களுக்குத் தெரியும். "அப்ப சாப்பாடு குடுக்கிறதையும் நிப்பாட்டச் சொல்லுறியளோ? பிறகு ஆர் குடுக்கிறது?" இல்லை. காசு தேவை. அந்தக் காசு இல்லாவிட்டால் சில இல்லங்களின் அடுப்பு எரியாது என்பதும் உண்மை. ஆனால் காசைக் கொடுத்துவிட்டு நாளையும் சேர்த்து ஏன் வாங்குறம்? எங்கட அப்பப்பாவின் திவசத்துக்கு அந்த இல்லம் முழுக்க ஏன் ஃப்ரைட் றைஸ் சாப்பிட வேணும்? அதே காசைப் பொதுக்கணக்கில் போடுங்கோ. அன்றைக்குப் புட்டும் சம்பலும் காணும் என்று அவை நினைத்தால் புட்டே அவியட்டும். மிச்சக் காசில் கண்ணாடி மாத்தட்டும், வான் பிடிக்கட்டும், முந்நூற்றி நாலு விளையாட நல்ல காட்ஸ் கட்டு ஒன்று வாங்கட்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் பழசு. "நல்ல பிள்ளையள் தாய் தேப்பனை அங்க விடுவினமே?" முதியோர் இல்லம் என்றதும் நாங்கள் எடுக்கிற குறும்படம் முழுக்க இந்த ஒரு வசனம்தான். ஒரு மகன், ஒரு பெட்டி, ஒரு கேற், பின்னணியில் வயலின். தீபகற்பத்தில் இந்தக் கதைக்கு ஓர் ஊர்ப்பெயரே இருக்கு. கைதடியில் மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் கீழ் அரச முதியோர் இல்லம் இருக்கிறபடியால், "கடைசியில என்னைக் கைதடிக்குத்தான் அனுப்புவியள்" என்பது எங்கட வீட்டுச் சண்டைகளில் ஒரு வசனமாகிவிட்டது. சித்த மருத்துவமும் மாகாண சபையும் இருக்கிற ஊரை ஒரு வெருட்டாக்கி வைத்திருக்கிறம்.

ஆனால் அங்கே இருக்கிறவர்களோடு அரை மணித்தியாலம் கதைத்தால் இந்தக் குறும்படம் உடையும். கலியாணம் கட்டாமல் தம்பி தங்கச்சிமாரை வளர்த்தவை இருக்கினம். பிள்ளையளை யுத்தத்தில் குடுத்தவை இருக்கினம். இருந்த வீட்டைச் சீதனமாக எழுதிவிட்டு, மகளும் மருமகனும் வெளிநாடு போக, வெறும் வீட்டில் தனியக் கிடக்க மாட்டன் என்று தானாக வந்தவையும் இருக்கினம். எல்லாருக்கும் ஒரு கெட்ட மகனைத் தேடுறதில் எங்களுக்கு ஒரு வசதி இருக்கு. பழி அவனில் விழும், கண்ணீர் விட்டுவிட்டு நாங்கள் வீட்டை போகலாம். ஏன் வந்தவை என்பது அவையின்ர சொந்தக் கதை. எங்கட கேள்வி வேறு: மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் அவை என்ன செய்கினம்?

யாரோடு கதைக்கிறம் என்பதையும் ஒருக்கா யோசியுங்கோ. 1995 ஒக்ரோபர் 30, வலிகாமத்துச் சனம் ஓர் இரவில் நாவற்குழியால் தென்மராட்சிக்கு நடந்தது. இன்றைக்கு எழுபத்தைந்து வயதில் இல்லத்தில் இருக்கிறவர் அன்றைக்கு நாற்பத்தைந்து வயதுக்காரர். எதை எடுக்கிறது, எதை விடுகிறது, ஆரைச் சைக்கிளில் ஏத்துறது, எங்கே நிக்கிறது என்று அந்த இரவில் முடிவெடுத்தது அவைதான். அப்ப நாங்கள் பிறக்கக்கூட இல்லை. அந்த இரவை முடிவெடுத்துக் கடந்த ஆளுக்கு இன்றைக்கு எத்தனை மணிக்குத் தேத்தண்ணி என்று முடிவெடுக்க இடமில்லை.

இது வெறும் மனசு சம்பந்தமான விசயமும் இல்லை. எலன் லாங்கர், யூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வு 1976இல் வெளிவந்தது. ஒரு மாடியில் இருந்தவர்களுக்கு ஒரு பூக்கன்றைத் தெரிவு செய்யச் சொல்லி, பராமரிப்பது உங்கள் பொறுப்பு என்றார்கள். படம் வியாழன் பார்ப்பதா வெள்ளி பார்ப்பதா என்பதையும் அவர்களிடமே விட்டார்கள். மற்ற மாடிக்கும் கன்று கிடைத்தது, படமும் கிடைத்தது. ஆனால் தண்ணி ஊத்தினது தாதிமார், நாளைக் குறித்தது நிர்வாகம். மூன்று கிழமையில் முதல் மாடி ஆட்கள் கூடுதல் உற்சாகமாகவும் விழிப்பாகவும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் கிடைத்த பொருள் ஒன்றுதான், முடிவெடுத்தது ஆர் என்பதுதான் வித்தியாசம்.

1991இல் நியூயோர்க் மாநிலத்தில் பில் தோமஸ் என்ற வைத்தியர் தான் பொறுப்பாக இருந்த இல்லத்துக்குள் இரண்டு நாய், நாலு பூனை, நூறு குருவிகளைக் கொண்டுவந்து விட்டார். சலிப்பு, தனிமை, கையாலாகாத நிலை ஆகிய மூன்றும்தான் அங்கே இருந்த பெரிய வருத்தங்கள் என்பது அவருடைய கணிப்பு. எங்கட ஊரில் கோழிக்கும் ஆட்டுக்கும் முருங்கைக்கும் அமெரிக்க ஆராய்ச்சி தேவையில்லை. அங்கே இருக்கிற முக்கால்வாசிப் பேர் வாழ்நாள் முழுக்கத் தோட்டம் செய்தவை. ஆனால் கொத்துப் பிடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறம்.

சட்டமும் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டுப் போக ஒரு சபையும் அதில் இருக்கு. ஐக்கிய நாடுகள் சபை 1991இல் ஏற்றுக்கொண்ட முதியோர் கோட்பாடுகள் ஐந்து தலைப்பில் இருக்கு: சுயாதீனம், பங்கேற்பு, பராமரிப்பு, தன்னிறைவு, கௌரவம். நாங்கள் மூன்றாவதை மட்டும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினவை.

சரி, என்னதான் செய்யிறது? எங்கட யோசனை நாலு.

ஒன்று. மாத முடிவில் இல்லத்தில் இருக்கிறவை கூடி அடுத்த மாத அட்டவணையைப் போடட்டும். ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்ச வேணுமோ, நல்லூரில் எந்தத் திருவிழாவுக்குப் போக வேணுமோ, பேப்பரை ஆர் சத்தமாக வாசிக்கிறது, எந்தக் குழு எப்ப வரலாம், எந்தக் குழு வரவே தேவையில்லை, எல்லாம் அவையின்ர கையில். "இந்த மாதம் ஆக்கள் காணும்" என்று சொல்லுற உரிமையும் அவைக்கு இருக்க வேணும்.

இரண்டு. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. எங்கட வீட்டில் அம்மம்மா சாப்பிடேக்கப் படம் எடுத்து ஊருக்குக் காட்டுவமா? பார்சலை வாங்கிற கையையும் காட்டத் தேவையில்லை.

மூன்று. ஒக்ரோபர் முதலாம் திகதி போகாதேங்கோ. அன்றைக்கு மூன்று கேக் வரும். ஏதோ ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போங்கோ. முப்பது பேர் ஒருக்காப் போறதை விட, இரண்டு பேர் மாதத்தில் இரண்டு தரம், அதே ஆளிட்டத் திரும்பத் திரும்பப் போறது பெரிசு. இதில் எங்கட கலைப்பீடத்துக்கும் ஒரு சொல்: வாய்மொழி வரலாறு என்று ரெக்கோடரோட போய் இடப்பெயர்வைக் கேட்டு எழுதி, ஆய்வைக் கட்டிக் குடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் விடுறதும் அந்தப் படம் எடுக்கிற வேலைதான். பதிவு செய்யுங்கோ. முடிந்த பிறகும் போங்கோ, சும்மா.

நாலு. மாதத்துக்கு ஒருக்கா வெளியில். பொது நூலகம், திருநெல்வேலிச் சந்தை, கீரிமலை, பழைய பள்ளிக்கூடம், சொந்த ஊர். எங்கே என்று அவை சொல்லட்டும். இது சும்மா நடக்காது என்றும் தெரியும். நாங்கள் பிறகு அந்த இல்லத்தில் போய்க் கேட்டோம். பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைக்க ஆள் வேணும், மருந்தோட ஒரு பராமரிப்பாளர் கூட வரவேணும், வானுக்குக் காசு வேணும் என்றார்கள். நியாயமான கேள்விகள். வேலை செய்யிறவை சிலபேர், பார்க்கிற ஆக்கள் பலபேர். அதால்தான் சொல்லுறம், மாணவர்களிட்ட நேரம் இருக்கு, வெளிநாட்டில் இருக்கிற உறவுகளிட்டக் காசு இருக்கு, அவையிட்டப் போக இடம் இருக்கு. இந்த மூன்றையும் சேர்க்கிறதுதான் வேலை.

இந்த ஒக்ரோபர் எங்கட குழு பனர் அடிக்காது. கேக் வெட்டாது. அந்தக் காசில் ஒரு சாதாரண கிழமைநாளில் பஸ் ஒன்று அந்த வாசலில் நிற்கும். வர விரும்புகிற மாணவர்கள் எங்களுக்கு எழுதுங்கோ. ஆளுக்கு ஒருத்தரின் கையைப் பிடித்து ஏத்தி இறக்க ஆள் தேவை. ரொறன்ரோவில் இருந்து திவசச் சாப்பாட்டுக்குக் காசு அனுப்புகிற மாமா, மாமிமாருக்கும் ஒரு வேண்டுகோள்: இந்த முறை டீசலுக்கு அனுப்புங்கோ.

முதல் ஓட்டம் எங்கே என்று நாங்கள் முடிவெடுக்கேல்லை. அவை கூடித்தான் முடிவெடுப்பினம். மயிலிட்டி அம்மா தன்ர பேரைக் குடுத்திட்டா.