நிரம்பாத குழி

“எங்கடை குழி வெட்டி முப்பது வரியம். ஒருநாளும் நிரம்பினதில்லை.”

வட்டுக்கோட்டையில் உறவினர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் இருந்தபோது அவ்வீட்டுப் பெரியவர் இவ்வாறு சொன்னார். குரலில் பெருமிதம் இருந்தது. குடாநாட்டின் பல வீடுகளில் இதே வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். மலக்குழி நிரம்பாதிருப்பது வீட்டின் சிறப்புகளுள் ஒன்றென நாம் கருதுகிறோம். கட்டிய மேசனும் அதையே தம் கைத்திறனுக்குச் சான்றாகக் காட்டுகிறார்.

முப்பது ஆண்டுகளாக ஒரு குடும்பத்தின் கழிவு முழுவதும் அக்குழிக்குள் இறங்கியிருக்கிறது. குழி நிரம்பவில்லையாயின் அது எங்கோ போயிருக்க வேண்டும். போன இடம் அவ்வீட்டுக் கிணறு ஊறுகின்ற அதே நிலத்தடி நீர். அக்கிணற்று நீரில் ஊற்றிய தேநீரைத்தான் நாங்கள் இருவரும் அப்பொழுது அருந்திக் கொண்டிருந்தோம்.

பெரியவரின் மகன் கனடாவில், ஸ்காபரோவில் வசிக்கிறார். தம் வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில், நம்மவர் வழக்கில் ‘பேஸ்மென்ற்’றில், குளியலறை ஒன்று அமைத்த கதையைத் தொலைபேசியில் எனக்கு விரிவாகச் சொல்லியிருந்தார். முதலில் மாநகரசபையின் அனுமதி. பின்னர் கொங்கிறீற்றுத் தளத்தை உடைத்து, அடிக்குக் கால் அங்குலம் என்ற சரிவில் குழாய் பதித்தல். ஒவ்வொரு வடிகாலிலும் நீர் தேங்கி நிற்கும் வளைகுழாய். அந்நீர் உறிஞ்சப்பட்டு வற்றாதிருக்கக் காற்றுக்குழாய். அது கூரைக்கு மேலே சென்று திறக்க வேண்டும். தெருவின் கழிவுக் குழாய் பெருகினால் கழிவு வீட்டுக்குள் திரும்பாதிருக்க ஒருவழி வால்வு. தெருக் குழாயின் மட்டத்திலும் தாழ்வாகக் குளியலறை அமைந்தால், கழிவை மேலேற்ற ஒரு பம்பி. பரிசோதகர் வந்து பார்க்கும்வரை பதித்த குழாய்களை மூடவும் கூடாது.

ஏன் இவ்வளவு கவனம்? 2013 ஜூலை 8 ஆம் திகதியும் 2024 ஜூலை 16 ஆம் திகதியும் பெய்த பெருமழைகளில் றொறன்ரோப் பகுதியின் நிலக்கீழ்த் தளங்கள் பல நீரில் மூழ்கின. பிழை விட்டால் தெருவின் அழுக்குத் தம் கட்டிலின் காலடிக்கே வந்து சேரும் என்பதை அங்குள்ள வீட்டுக்காரர் அறிவர்.

அதே மகன் அனுப்பிய பணத்தில்தான் வட்டுக்கோட்டை வீட்டுக்கு மேல்மாடி எழுந்தது. அறைக்கொன்றாக நான்கு குளியலறைகள். வீட்டின் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கதவுகள் உண்டு, யன்னல்கள் உண்டு, சுவாமியறை உண்டு. கழிவுக் குழாய் எவ்வழி செல்கிறது என்பதற்கு ஒரு கோடுமில்லை. காற்றுக்குழாய் அறவே இல்லை. நான்கு குளியலறைகளின் கழிவும் பழைய குழிக்கே போகிறது.

மேல்மாடியில் ஒரு துர்வாடை வீசியது. அதை மறைக்க வாசனை வில்லைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். காரணம் எளிது. மேலிருந்து கழிவுநீர் குழாயை நிறைத்து வேகமாக இறங்கும்போது பின்னால் வெற்றிடம் உண்டாகிறது. காற்றுக்குழாய் இருந்தால் அவ்விடத்தை வெளிக்காற்று நிரப்பும். இல்லாதபோது, வளைகுழாய்களில் வாடையைத் தடுத்து நிற்கும் நீரை அது இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதன்பின் குழிக்கும் படுக்கையறைக்கும் இடையே தடையேதுமில்லை. மூக்குக்குத் தெரிகிற இந்தப் பிழையையே திருத்தாதவர்கள், மூக்குக்கும் கண்ணுக்கும் தெரியாத பிழையை எங்ஙனம் திருத்துவார்கள்?

யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு நிலக்கீழ்த் தளம் இல்லை என்பார்கள். உண்டு. அது எல்லா வீடுகளுக்கும் பொதுவானது. எமது நிலம் சுண்ணாம்புக் கல். அதில் வெடிப்புகளும் குகைகளும் நிறைந்துள்ளன என்பதற்கு நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் சான்று. இங்கே வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் ஓடி அராலியில் கடலேரியைச் சேர்ந்துவிடும். குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் நாம் நம்பியிருப்பது அக்கல்லின் வெடிப்புகளில் தங்கிய மழைநீரை. மாரியில் நீர்மட்டம் உயரும்போது ஆழமான மலக்குழி அந்நீருக்குள்ளேயே நிற்கிறது.

“கிணற்றிலிருந்து ஐம்பது அடி தள்ளித்தானே வெட்டினோம்” என்பது வழமையான மறுமொழி. கழிவுநீர் மணலின் ஊடாக மெதுவாக வடிந்தால் அத்தூரம் பயன்தரும். வெடிப்பின் வழியே ஓடும் நீருக்கு அது வேலியாகாது. மேலும், யாருடைய கிணற்றிலிருந்து ஐம்பது அடி? பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். இரண்டு பரப்புக் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 74 அடி. தன் கிணற்றுக்கு எட்டவாகக் குழியை வேலியோரம் தள்ளும் ஒருவர், அதை அயலவரின் கிணற்றடிக்குக் கொண்டுபோய் வைக்கிறார். 1854 இல் இலண்டனின் புரோட் வீதியில் அறுநூறுக்கு மேற்பட்டோர் வாந்திபேதியால் மாண்டனர். அவ்வீதியின் பொதுக் கிணற்றிலிருந்து மூன்றடிக்கும் குறைவான தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி கசிந்துகொண்டிருந்தது பின்னர் தெரியவந்தது.

கிருமிகளைக் குளோரினும் கொதிநீரும் கொல்லும். நைத்திரேற்றை இரண்டும் தொடா. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடந்துள்ளதை 1980 களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகின்றனர். அந்நீரில் பால்மாக் கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் குருதி, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம்.

தோட்டக்காரரின் யூரியாவே காரணம் என்று கைகாட்டுவோர் உளர். யூரியாவுக்குப் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆயினும் அவர் குற்றம் நம் குற்றத்தைக் கழுவாது. வடமராட்சி கிழக்கில், தாளையடியில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டுவிட்டதே என்பாரும் உளர். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. குழாய்நீர் வருவது நன்று. ஆனால் வரும் நீர் முழுவதும் கழிவாகி இறங்குவதும் அதே குழிக்குள்தான்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது நாம் கொதித்தோம். 2019 இல் உயர் நீதிமன்றம் மின்நிலைய நிறுவனத்துக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அது நியாயமான கோபம், நியாயமான தீர்ப்பு. அக்காலத்தில் நானும் பத்தி பத்தியாக எழுதினேன். என் வீட்டு வளவிலும் நிரம்பாத குழியொன்று இருந்ததை எழுதவில்லை. பிறர் ஊற்றிய எண்ணெய் செய்தியாயிற்று. நாம் ஊற்றியது பழக்கமாயிற்று.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவானவை அல்ல. குளியலறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்தால் ஒரு கழிவுக் குழாயும் கூரைக்கு மேலுயரும் ஒரு காற்றுக்குழாயும் போதும். அடித்தளமும் சுவரும் கசியாத இரண்டறைத் தொட்டி வேண்டும். அதிலிருந்து வழியும் நீரை ஆழக்குழியில் விடாது, நிலமட்டத்துக்கு மேலே மணலிட்டு உயர்த்திய பாத்தியில் பரவவிட்டு வாழையோ கல்வாழையோ நடலாம். குளித்த நீரைத் தனியே பிரித்துத் தென்னைக்கு விடலாம். வரைபடத்தில் இவை இல்லாவிடில் பிரதேச சபை அனுமதி வழங்கக் கூடாது. குழாய்களையும் தொட்டியையும் மண்ணிட்டு மூடுமுன் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். தொட்டியில் உறிஞ்சிய கழிவைப் பவுசர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதற்கும் சபை பொறுப்புச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து ஊரில் வீடு கட்டுவிப்போருக்கு ஒரு வேண்டுகோள். மாபிளின் நிறத்தைத் தெரிவு செய்யப் படம் கேட்கிறீர்கள். அடுத்த தவணைப் பணத்தை அனுப்புமுன், கழிவுக் குழாய் போகும் வழியைக் கீறிய ஒரு தாளையும் கேளுங்கள். ஸ்காபரோவில் உங்கள் கட்டிலடிக்கு வரக்கூடாது என்று தடுத்ததை, வட்டுக்கோட்டையில் உங்கள் தாயின் கிணற்றுக்கும் அயல்வீட்டுக் குழந்தையின் பால்போத்தலுக்கும் அனுப்பாதீர்கள்.

“மூன்று வருடத்துக்கு ஒருமுறை எங்கடை தொட்டி நிரம்பும். பவுசர் வந்து எடுக்கும்.” இதைப் பெருமையாகச் சொல்லும் ஒரு வீட்டுக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சந்தித்தால் அவர் வீட்டுத் தேநீரை அச்சமின்றிக் குடிப்பேன்.