கண்மாய்க்கு எதற்கு மோட்டார் படகு? தூண்டில்காரர்கள் கயாக்கைத் தேடுவது ஏன்?

ஐப்பசி, கார்த்திகை மழை ஒழுங்காகப் பெய்துவிட்டால் போதும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கண்மாய்க் கரைகளில் பைக்குகள் வரிசையாக நிற்கும். மூங்கில் கம்பில் நரம்பு கட்டி வந்த பெரியவர் ஒருபக்கம், ஆன்லைனில் வாங்கிய ஃபைபர் ராடும் ரீலுமாக வந்த மில் ஷிப்ட் இளைஞர் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் பிரச்சினை ஒன்றுதான். கரையிலிருந்து எவ்வளவு வீசினாலும் தூண்டில் ஓரளவுதான் போகும். விரால் துள்ளுவதோ நடுவில், கோரைப்புல் ஓரத்தில்.

‘ஒரு படகு இருந்தா நல்லாருக்கும்ல?’ என்ற ஆசை இங்கிருந்துதான் கிளம்புகிறது. உடனே மனதில் வருவது மோட்டார் படகு. ஆனால் உலகின் பல நாடுகளில் பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர்களில் ஒரு பகுதியினர், மோட்டார் படகு வாங்க வசதி இருந்தும், துடுப்புப் போட்டு ஓட்டும் கயாக்கைத் தேர்வு செய்கிறார்கள். ஏன்? அந்தக் காரணங்கள் நம்ம ஊர்க் கண்மாய்க்கும் பொருந்துமா?

கயாக் என்றால் என்ன?

ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்கள் வேட்டைக்காகச் செய்துகொண்ட ஒற்றை ஆள் படகுதான் கயாக். கடலில் மிதந்து வந்த மரத்துண்டுகளாலோ திமிங்கல எலும்பாலோ சட்டம் கட்டி, அதன் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தித் தைப்பார்கள். சத்தமில்லாமல் இரையை நெருங்குவதுதான் அதன் நோக்கம்.

இன்று மீன்பிடிக்கு அதிகம் பயன்படுவது வேறு வடிவம். 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் டிம் நீமியர் என்பவர், உள்ளே நுழைந்து உட்காராமல் மேலேயே உட்காரும் கயாக்கை உருவாக்கினார். மேலே ஏறும் தண்ணீர் அடியில் உள்ள துளைகள் வழியாகத் தானாக வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் புரட்டிப் போட்டு மறுபடி ஏறலாம்.

நமக்கு இது அந்நியமான யோசனை இல்லை. மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரமும் இதே தத்துவத்தில்தான் மிதக்கிறது. மேலே வரும் தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கிவிடும், முழுகாது. தமிழ்நாட்டுக் கண்மாய்களில் வலை விரிப்பவர்கள் லாரி டியூபிலும் தெர்மாகோல் தெப்பத்திலும் மிதந்து போவதும் அதே ‘ஒரு ஆளுக்கு ஒரு மிதவை’ வழிதான்.

வாங்கும் விலையா, வைத்திருக்கும் செலவா?

மோட்டார் படகு என்றதும் எல்லோரும் விலையைத்தான் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி, ‘வாங்கிய பிறகு?’ என்பது. யானையை வாங்குவது ஒரு செலவு, கட்டித் தீனி போடுவது இன்னொரு செலவு.

படகுக்கு டிரெய்லர் வேண்டும். டிரெய்லரை இழுக்கக் கார் வேண்டும். தண்ணீருக்குள் இறக்கச் சரிவான மேடை வேண்டும். கண்மாய்க் கரையில் அது கிடையாது. 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின் மட்டுமே ஏறக்குறைய 40 கிலோ. பெட்ரோல், ஆயில், சர்வீஸ், ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் தனி. விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரையே இல்லை. இன்ஜின் மக்கர் செய்தால், படகு இன்ஜின் தெரிந்த மெக்கானிக்கைத் தேடி நூறு கிலோமீட்டருக்கு மேல் தூத்துக்குடிப் பக்கம் போக வேண்டியிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். இந்த வட்டாரக் கண்மாயில் நல்ல தண்ணீர் 4 மாதம் நிற்கிறது, மீன் பிடிக்கப் போவது ஞாயிறு மட்டும் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 17 நாள். மீதி 348 நாள் படகு சும்மா கிடக்கும். 5 வருடத்துக்கு 85 நாள். படகும் இன்ஜினும் சேர்த்து 3 லட்சம் என்று கொண்டால், ஒருமுறை தண்ணீரில் இறங்க ஏறக்குறைய 3,500 ரூபாய். பெட்ரோல் சேர்க்காமல். கயாக் 40 ஆயிரம் என்று கொண்டால், அதே 85 நாளுக்கு ஒரு முறைக்கு 470 ரூபாய். இந்த விலைகள் கணக்குக்காக வைத்தவைதான், மாடலைப் பொறுத்து ஏறும் இறங்கும். ஆனால் ‘வருடத்துக்கு 17 நாள்’ என்ற எண் எந்த மாடல் வாங்கினாலும் மாறாது. முடிவைத் தீர்மானிப்பது அதுதான்.

மழை பொய்த்த வருடத்தில் அந்த 17-ம் கிடையாது. அப்போது மாடிப்படிக்கு அடியில் சாத்தி வைத்த கயாக் தீனி கேட்காது. இன்ஜின் கேட்கும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும்.

நம்ம ஊர்த் தண்ணீர் எப்படிப்பட்டது?

கண்மாய் என்பது ஆழமான நீர்நிலை இல்லை. மழைநீரைத் தேக்கிப் பாசனத்துக்கு விடும் அகலமான, மேலோட்டமான தேக்கம். கரையை ஒட்டி ஆழம், எதிர்ப்பக்கம் போகப் போக முழங்கால் அளவு. மோட்டார் படகின் ப்ரொப்பெல்லர் சுழல ஏறக்குறைய இரண்டடி ஆழமாவது வேண்டும். கயாக்குக்கு அரையடித் தண்ணீர் போதும்.

ஆழம் இருக்கும் இடத்திலும் ஆகாயத்தாமரை, பாசி, கோரை. ப்ரொப்பெல்லரில் கொடி சுற்றினால் இன்ஜின் நின்றுவிடும். கூடவே, மீன் குத்தகை எடுத்தவர்கள் விரித்த வலைகளும் தண்ணீருக்குள் இருக்கும். ப்ரொப்பெல்லர் அதில் மாட்டினால் வலையும் போச்சு, நல்லுறவும் போச்சு.

இன்னொரு காரணம் சத்தம். தூண்டில்காரர்களின் கனவு மீன் விரால். செவுள் இருந்தாலும் அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடிக்க வேண்டிய மீன் அது. நீர்ப்பரப்பில் ‘டப்’ என்று வட்டம் விழும் இடத்தைக் குறிவைத்து ரப்பர் தவளை லூரை வீசுவார்கள். கோரைக்குள் ஒளிந்திருக்கும் விரால், அதிர்வு கேட்டால் கீழே போய்விடும். ஆர்க்டிக் வேட்டைக்காரருக்கு உதவிய அதே அமைதி இங்கேயும் உதவுகிறது.

எந்தக் கயாக்?

காற்றடைத்த கயாக் மலிவு, மடித்து பைக்கில் கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் இந்த வட்டாரத்தில் அதற்கு ஒரு எதிரி உண்டு: சீமைக் கருவேல முள். கண்மாய்க் கரையிலும் உள்வாயிலும் வளர்ந்து, மழையில் மூழ்கிக் கிடக்கும் கிளைகள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு கீறல் போதும். கெட்டிப் பிளாஸ்டிக் கயாக் முள்ளுக்குப் பயப்படாது. ஆனால் 25 முதல் 35 கிலோ எடை, பத்தடிக்கு மேல் நீளம், கார் மேலே கேரியர் வேண்டும், தூக்க இரண்டு பேர் வேண்டும். கையில் ராடைப் பிடித்துக்கொண்டே காலால் மிதித்து ஓட்டும் பெடல் கயாக்குகளும் உண்டு. விலையும் எடையும் இன்னும் கூடும். ஆகாயத்தாமரைக்குள் அந்தப் பெடலும் சிக்கும்.

மோட்டார் எங்கே ஜெயிக்கும்?

கடலில். தூத்துக்குடியில் பிழைப்புக்காக மீன் பிடிப்பவருக்கு மோட்டார் ஆடம்பரம் இல்லை, உயிர். நேரத்துக்குக் கரை சேர வேண்டும், மீனை ஏலத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று கரையிலிருந்து கடல் நோக்கித் தள்ளும். துடுப்பை மட்டும் நம்பிப் போன புதியவர் திரும்ப முடியாமல் தவிப்பார். மேலும், தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. கயாக் சிறியது என்பதற்காக அங்கே விதி தளராது. மாதம் ஒருமுறை கடல்மீன் ஆசை வந்தால், சொந்தப் படகு வாங்குவதைவிட உள்ளூர் மீனவரின் படகை அன்றைக்கு வாடகைக்குப் பேசுவதே சிக்கனம், பத்திரமும்கூட.

படகு உங்களுடையது, மீன் யாருடையது?

பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது. கண்மாய் பொதுச் சொத்து, ஆனால் அதிலுள்ள மீன் ‘யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம்’ வகையில் சேராது. மீன்பாசி குத்தகை என்ற பெயரில் மீன் பிடிக்கும் உரிமை ஏலம் விடப்படுகிறது. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனப் பரப்பு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. குத்தகை எடுத்தவர் காசு கொடுத்து கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்டிருப்பார். தண்ணீர் வற்றும்போது பிடித்து விற்றால்தான் அவருக்கு முதல் திரும்பும்.

கரையில் உட்கார்ந்து ஒரு தூண்டில் போடுபவரைப் பல இடங்களில் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் கண்மாயின் நடுவே ஒருவர் படகில் போய் மீன் பிடித்தால், குத்தகைதாரரின் கண்ணில் அது வேறு விஷயம். அங்கே கயாக்கா, மோட்டாரா என்ற வித்தியாசம் இல்லை. முன்கூட்டியே பார்த்துப் பேசி அனுமதி வாங்குவது, பிடித்த மீனைத் திரும்ப விடுவதா, எடை போட்டுக் காசு கொடுப்பதா என்று ஒத்துக்கொள்வது மட்டுமே வழி. குஞ்சுகளோடு சுற்றும் தாய் விராலைத் தொடாமல் விடுவது எல்லோருக்கும் நல்லது.

சட்டத்தின் பார்வையில் ஒரு வித்தியாசம் உண்டு. 2021-ல் வந்த உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் இயந்திரத்தால் ஓடும் படகுகளுக்கு ஆய்வுச் சான்றும் பதிவும் கேட்கிறது. இயந்திரம் இல்லாதவற்றுக்கு உள்ளாட்சி அளவிலான எளிய ஏற்பாட்டைத் தனியாக வைத்திருக்கிறது. காகித வேலை குறைவு என்பதும் கயாக் பக்கம் சாயும் ஒரு காரணம்.

மலையடிவாரத்துக்குப் போகலாமா?

வீடியோவுக்கு அழகான தண்ணீர் எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. வத்திராயிருப்பு அருகே பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள், தேவதானம் பக்கம் சாஸ்தா கோயில் அணை, ராஜபாளையத்தின் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். ஆறாவது மைல், நகரத்துக்கான குடிநீர். விளையாட இடமில்லை. அணைகளும் அரசுத் துறையின் பொறுப்பில் உள்ளவை. அவற்றுக்கு மேலே 1,016 சதுர கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம், 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. காப்பக எல்லைக்குள் அனுமதியின்றி நுழைவதே 1972-ம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம். கையில் துடுப்பு இருக்கிறதா, தூண்டில் இருக்கிறதா என்று சட்டம் பார்க்காது.

உயிருக்கு விலை இல்லை

கயாக்கின் பலவீனமும் அதன் பலத்திலேயே இருக்கிறது. சிறியது, அதனால் சீக்கிரம் ஆடும். பெரிய மீன் இழுக்கும்போது ஒரே பக்கம் சாய்ந்தால் ஆள் தண்ணீரில். கண்மாய் முழங்கால் ஆழம்தானே என்று நினைப்பது ஆபத்து. மண் அள்ளிய குழிகள் மழைக்குப் பிறகு மேலிருந்து தெரியாது, அடியில் சேறு காலைப் பிடிக்கும். நீச்சல் தெரிந்தவரும் லைஃப் ஜாக்கெட்டைக் கொக்கி மாட்டி அணிய வேண்டும். காலடியில் போட்டு வைத்தால் பயனில்லை. தனியாகப் போகக் கூடாது. போன் உறைக்குள், கத்தி எட்டும் தூரத்தில். வலையில் கால் சிக்கினால் அறுக்க அதுதான் உதவும். இடி சத்தம் கேட்டால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கரைக்குத் திரும்ப வேண்டும்.

அப்படியானால் வாங்கலாமா?

முதல் கயாக்கை நண்பரிடம் இரவல் வாங்கியோ, வாடகைக்கு எடுத்தோ இரண்டு முறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. வாங்குவதற்கு முன், அருகிலுள்ள எந்தக் கண்மாயில் எத்தனை மாதம் தண்ணீர் நிற்கிறது, குத்தகை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துவிட வேண்டும். இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் வாங்கினால், 40 ஆயிரம் ரூபாய் கயாக்கும் மாடிப்படிக்கு அடியில் துணி காயப்போடும் பலகையாகிவிடும்.

நான்கு மாதம் நிற்கிற, முழங்கால் ஆழத் தண்ணீருக்கு மோட்டார் தேவையில்லை. அந்தத் தண்ணீரை நம்பி இன்னொருவர் மீன் வளர்க்கிறார், வயல் காத்திருக்கிறது. அங்கே போகிறவர் சத்தமில்லாமல், கேட்டுவிட்டுப் போவதுதான் முறை.