எஸ்.பி.பி. வாய்ஸ் அண்ணாச்சிக்கு ஒரு ஆல்பம்

நம்ம பக்கத்துக் கோயில் கொடையில மெல்லிசைக் கச்சேரி பார்த்தவங்களுக்கு இந்த அறிவிப்பு மனப்பாடமா இருக்கும். "அடுத்ததாக உங்களை மகிழ்விக்க வருகிறார், எஸ்.பி.பி. வாய்ஸ்..." அப்புறம் டி.எம்.எஸ். வாய்ஸ், ஜானகி வாய்ஸ். முப்பது வருஷமா மேடையில நிக்கிற மனுஷனுக்கு அடையாளமே இன்னொருத்தர் குரல்தான். அவருக்குப் பின்னாடி ரெண்டு கீபோர்டை மேலயும் கீழயும் மாட்டி, ஒரு கையில புல்லாங்குழல், இன்னொரு கையில வயலின்னு மொத்த ஆர்க்கெஸ்ட்ராவையும் ஓட்டுறவருக்கு அந்த அடையாளம்கூடக் கிடையாது. அவர் வெறும் 'கீபோர்டு'.

இந்த ரெண்டு பேரும் சொந்தப் பேர்ல ஒரு ஆல்பம் போடணும்ங்கிறதுதான் என் கட்சி. சினிமாப் பாட்டு வேண்டாம். அவங்களே மெட்டுப் போட்ட எட்டுப் பத்துப் பாட்டு. புளியங்குடியில உக்காந்துக்கிட்டு எலுமிச்சங்கா வெலையப் பத்தி எழுதாம இது என்ன ஆசைன்னு கேக்காதீங்க, காரணம் இருக்கு.

கொஞ்ச நாளா அமெரிக்கக் கறுப்பின மக்களோட சோல், ஃபங்க் ஆல்பங்களாத் தேடிக் கேட்டுக்கிட்டிருக்கேன். சோல்ங்கிறது சர்ச்சுல பாடிப் பழகின தொண்டை வெளிய வந்து காதலையும் கஷ்டத்தையும் பாடினது. அரீதா ஃப்ராங்ளினோட அப்பாவே பிரசங்கியார்தான். ஃபங்க் அதுல இருந்து கிளைச்சது. மெட்டு கொஞ்சமா இருக்கும், தாளம்தான் ராஜா. எங்க சுத்தினாலும் முதல் அடியில வந்து 'ணங்'குனு விழணும்ங்கிறது ஜேம்ஸ் பிரவுன் கணக்கு. நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்த காலுக்கு இதெல்லாம் அந்நியமாவே தெரியாது.

அப்படிக் கேட்டதுல ஆளை உலுக்கினவர் சார்லஸ் பிராட்லி. இவரும் ஒரு 'வாய்ஸ்' ஆளுதான். ஜேம்ஸ் பிரவுன் மாதிரியே டிரஸ் போட்டு, அவர் மாதிரியே ஆடிப் பாடி வருஷக்கணக்கா கிளப்புகள்ல பொழப்பை ஓட்டினவர். மேடைப் பேர் பிளாக் வெல்வெட். 2011-ல 'நோ டைம் ஃபார் டிரீமிங்' வருது. சொந்தப் பேர்ல முதல் ஆல்பம், அப்போ அவருக்கு வயசு 62! அதுல அவர் பாடினது ஜேம்ஸ் பிரவுன் கதை இல்ல, தான் பட்ட பாடு. 2017-ல இறந்துபோறதுக்குள்ள மூணு ஆல்பம் போட்டுட்டார். அந்த ஆறு வருஷம் கிடைக்கலைன்னா அவர் கடைசிவரைக்கும் 'ஜேம்ஸ் பிரவுன் வாய்ஸ்'தான்.

கீபோர்டு ஆட்கள் கதையும் அங்க ஒண்ணும் தேன்பாகு இல்ல. டெட்ராய்ட்ல மோடவுன் கம்பெனியோட ஹிட்டுக்கெல்லாம் வாசிச்ச குழு ஃபங்க் பிரதர்ஸ். பல வருஷம் தட்டு அட்டையில அவங்க பேரே வராது. 1971-ல மார்வின் கேயோட 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்துலதான் வாசிச்சவங்க பேரை ஒழுங்காப் போட்டாங்க. அந்தக் குழுவுக்குக் கீபோர்டு வாசிச்சுத் தலைமை தாங்கின எர்ல் வேன் டைக் 1992-லேயே போயிட்டார். அவங்களைப் பத்தின ஆவணப்படம் வந்தது 2002-ல. கிராமி, வாழ்நாள் சாதனை விருது எல்லாம் அதுக்கப்புறம். பத்து வருஷம் லேட்டு.

இதுக்கு நேர் எதிர் பில்லி பிரஸ்டன். 1969-ல பீட்டில்ஸ் 'கெட் பேக்' இசைத்தட்டை வெளியிட்டப்போ, பாடினவங்க பேருக்குப் பக்கத்துலேயே 'பில்லி பிரஸ்டனுடன்'னு அச்சடிச்சாங்க. கீபோர்டு வாசிக்க வந்தவர் அவர். அப்புறம் 1972-ல 'அவுட்டா ஸ்பேஸ்'னு வார்த்தையே இல்லாத ஃபங்க் துண்டு ஒண்ணு அவரோட சொந்தப் பேர்ல சக்கைப்போடு போட்டுச்சு.

இப்ப நம்ம பக்கம் வாங்க. ஃபங்க் நமக்குத் தெரியாதுன்னு யாரும் சொல்லிட முடியாது. எழுபதுகளோட கடைசியில இருந்து எண்பதுகள் வரைக்கும் இளையராஜா பாட்டுகள்ல பாடகரை விட்டுட்டு அடியில ஓடுற பேஸையும் கீபோர்டையும் மட்டும் கேட்டுப் பாருங்க. விஜி மானுவல் கீபோர்டு, சசிதரன் பேஸ், புருஷோத்தமன் டிரம்ஸ். இந்தப் பேரெல்லாம் ரசிகர்கள் தோண்டித் துருவித் தெரிஞ்சுக்கிட்டது. அந்தக் காலத்துக் கேசட் அட்டையில படம், பாடினவர், எழுதினவர், இசை... அதோட சரி. தொண்ணூறுகள்ல ரஹ்மான் வாசிச்சவங்க பேரையும் அட்டையில போட ஆரம்பிச்சது பெரிய மாற்றம். அவரே இளையராஜா குழுவுல கீபோர்டு வாசிச்சவர், வலி தெரிஞ்சவர்.

'ரோஜா'வுக்கு முந்தின வருஷம், 1991-ல, அதே ரஹ்மான் இசையில மால்குடி சுபா 'செட் மீ ஃப்ரீ'னு ஒரு ஆங்கில ஆல்பம் பாடினாங்க. மேக்னாசவுண்ட் வெளியீடு. ஒரு கீபோர்டுக்காரர், ஒரு பாடகி, சினிமா இல்லாத பாட்டுகள். வந்தப்போ யாரும் கண்டுக்கல. நமக்குப் படம் இல்லாத பாட்டுன்னா சாமி பாட்டு மட்டும்தானே! அந்த வழக்கம் உடையறதுக்கு இவ்வளவு நாளாச்சு.

இப்ப என்ன அவசரம்னு கேட்டா, 2024-ல வந்த 'லால் சலாம்'. காலமாகிப்போன ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா ரெண்டு பேர் குரலையும் செயற்கை நுண்ணறிவு வச்சு ஒரு பாட்டுக்குக் கொண்டுவந்தாங்க. குடும்பத்துக்கிட்ட அனுமதி வாங்கி, சம்பளமும் கொடுத்ததா ரஹ்மான் சொன்னார். முறையாத்தான் செஞ்சிருக்காங்க, அதுல எனக்குப் புகார் இல்ல. ஆனா விஷயத்தை யோசிங்க மக்களே. இன்னொருத்தர் குரலை அச்சு அசலாக் கொண்டுவர்ற வேலையை இனிமே மெஷின் பார்த்துக்கும். கீபோர்டுக்காரர் வேலையில பாதியை கரோக்கே ட்ராக் ஏற்கெனவே தின்னாச்சு. காப்பி அடிக்கிற தொழில் போகப்போகுது. மிஞ்சப்போறது சொந்தச் சரக்கு மட்டும்தான். அதை இதுவரைக்கும் யாரும் அவங்ககிட்டக் கேட்டதே இல்ல.

யாரு கேப்பாங்கன்னு சொல்றது சுலபம். இவங்க தொண்டையில என்னென்ன ஏறியிருக்குன்னு பாருங்க. இந்த வாரம் அம்மன் கொடை, அடுத்த வாரம் சர்ச்சுல அசனப் பண்டிகை, அதுக்கடுத்து கந்தூரியில நாகூர் ஹனிபா பாட்டு. மூணு சாமிக்கும் முழுத் தொண்டையோட பாடின அனுபவம். சோல்னு அமெரிக்காவுல எதைச் சொல்றாங்களோ அதுக்கான மூலப்பொருள் மதுரை-தென்காசி ரோட்டு ஓரத்துல டீ குடிச்சுக்கிட்டு நிக்குது. ரெக்கார்டிங் செலவும் இப்ப அந்தக் காலம் மாதிரி இல்ல. ஒரு கம்ப்யூட்டர், ஒரு நல்ல மைக், சத்தம் வராத ஒரு ரூம் போதும். கீபோர்டு அவர்கிட்டயே இருக்கு. :-)

கொடைக் கமிட்டி அண்ணாச்சிமாருக்கு ரெண்டு கோரிக்கை. ஒண்ணு, மூணு மணி நேரக் கச்சேரியில பத்து நிமிஷம் சொந்தப் பாட்டுக்கு ஒதுக்குங்க. கூட்டம் எழுந்திரிச்சுப் போயிடாது, போனாலும் டீ குடிச்சிட்டு வந்துரும். ரெண்டு, நோட்டீஸ்ல 'வாய்ஸ்' போடுறதை நிறுத்திட்டு அவங்க அப்பா அம்மா வச்ச பேரைப் போடுங்க. கீபோர்டுக்காரர் பேரையும் சேர்த்துத்தான்.

அந்த நோட்டீஸ் அடிக்கிற செலவு என்னுது.