கோழியைத் தூக்குவது கீரியா, மரநாயா?

கேள்வி: ‘‘வீட்டுக்குப் பின்னால் 18 நாட்டுக்கோழிகள் வளர்த்தோம். ஒரே மாதத்தில் 7 போய்விட்டன. ராத்திரியில் கூட்டின் ஓட்டை நகர்த்திவிட்டு கீரி உள்ளே இறங்குகிறது. செத்த கோழியில் குருணை மருந்து வைக்கச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். எவ்வளவு வைக்க வேண்டும்?’’
- வாசகி, ஒட்டன்சத்திரம் வட்டம்.

பதில்: ஒரு சிட்டிகைகூட வைக்கக் கூடாது. பயிருக்குப் போடும் கார்போபியூரான் குருணை, நரம்பைத் தாக்கும் கடும் நஞ்சு. அந்தக் கோழியை முதலில் தின்பது பெரும்பாலும் சொந்த வீட்டு நாயாகத்தான் இருக்கும். சிதறிய குருணையை மயில் கொத்தும், மிச்சக் கோழிகளும் கொத்தும். கொல்லையில் குழந்தைகள் விளையாடுவதையும் மறக்கக் கூடாது. கீரி, மரநாய், காட்டுப்பூனை, பருந்து எல்லாமே 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. கொன்றால் வழக்குதான்.

அதோடு, பழி தவறான ஆள்மேல் விழுந்திருக்கிறது. கீரி பகலில் திரியும் பிராணி. ராத்திரியில் கூரை ஏறி ஓட்டை நகர்த்துவது மரநாயின் வேலை. ஆளைச் சரியாகக் கண்டுபிடித்தாலே பாதிச் செலவு மிச்சம். பகலில் குஞ்சு தடயமே இல்லாமல் மறைந்தால் பருந்தையோ வல்லூறையோ சந்தேகிக்கலாம். நாலைந்து கோழிகளைக் குதறித் தின்னாமல் போட்டிருந்தால் தெருநாய். முட்டை ஓடுகூட மிஞ்சாமல் போனால் பாம்பாக இருக்கலாம்.

இந்த வாசகி முதலில் பார்க்க வேண்டியது கூரையை. ஓட்டுக்கு அடியில் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷை இழுத்துக் கட்டி, சட்டத்தோடு ஆணி அடிக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். நாய் உள்ளே வருவதைத் தடுக்காது. கூட்டின்மேல் சாய்ந்திருக்கும் முருங்கைக் கிளை, தென்னை மட்டைகளைக் கழிக்க வேண்டும். மரநாய்க்கு அதுதான் பாதை. கீரியும் நாயும் அடியில் பறித்து நுழையாமல் இருக்க, கூட்டைச் சுற்றி ஓர் அடி ஆழத்துக்கு வலையைப் புதைக்கலாம். பாறை நிலமென்றால் வலையை வெளிப்பக்கம் ஓர் அடி மடித்துப் பரப்பி, கல் ஏற்றினால் போதும். கதவுக்கு மேலும் கீழும் இரண்டு கொக்கி. பொழுது சாய்வதற்குள் அடைத்துவிட வேண்டும். ‘இன்னும் ரெண்டு கோழி வரலை’ என்று கதவைத் திறந்து போட்டிருக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் பல வீடுகளில் இழப்பு நடக்கிறது.

குஞ்சுகளை ஆறு வாரம் வரை தாயோடு பஞ்சாரத்துக்குள் வைத்து, மேலே கனமான கல்லை ஏற்றலாம். மேயவிடும் இடத்தில் செடி மறைப்போ, தாழ்வான கீற்றுப் பந்தலோ இருந்தால் பருந்து இறங்கத் தயங்கும். பழைய சி.டி. தொங்கவிடுவது சில நாள்களுக்குத்தான் பலிக்கும். பிறகு பறவைக்குப் பழகிவிடும்.

மாலையில் மிஞ்சிய தீவனத்தைக் கூட்டி எடுத்துவிட வேண்டும். தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். அந்த இரண்டையும் பிடித்துத் தின்பது கீரிதான். அதைக் கொன்றுவிட்டு எலிக்கு மருந்து வாங்குவது வீண் செலவு. செத்த கோழியைக் குப்பைமேட்டில் வீசினால் நாய்க்கு ருசி பழகிவிடும். ஆழக் குழி தோண்டிப் புதைப்பது நல்லது.

பொறி வைத்துப் பிடித்து வேறு ஊரில் விடுவதும் வேண்டாம். பிடிபட்டது தாயாக இருந்தால் குட்டிகள் பட்டினியில் சாகும்; காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். கூட்டுக்குள்ளேயே மரநாய் மாட்டிக்கொண்டால் தடியெடுத்து மூலையில் நெருக்கக் கூடாது, கடித்துவிடும். நாயைக் கட்டிப்போட்டு, கதவைத் திறந்துவிட்டு, ஆட்கள் விலகி நின்றால் தானாக ஓடிவிடும். போகவில்லையென்றால் வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.