பீரங்கி அளந்த நிலம்

லீவு விட்டா போதும், சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கிற நம்ம சொந்தபந்தங்க பாண்டிச்சேரிக்குக் கிளம்பிடறாங்க. மஞ்சள் சுவர், காகிதப்பூ, நீலக் கதவு, அதுக்கு முன்னாடி நின்னு நாலு போட்டோ. தப்பு சொல்லலைங்க. ஆனா அங்கிருந்து தெக்கால இருபது சொச்சம் கிலோமீட்டர்லதான் கடலூர் இருக்கு. கொஞ்ச வருசம் மெட்ராஸையே மிஞ்சி, வெள்ளைக்காரக் கம்பெனிக்குத் தலைமையிடமா இருந்த ஊர். அங்க நின்னு போட்டோ எடுக்க யாரும் போறதில்லை.

நானும் அதுக்காகப் போகலை. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்துல நிலக்கடலை விதை விசாரிக்க மச்சானோட போயிருந்தேன். வேலை சீக்கிரம் முடிஞ்சதால ரயிலைப் பிடிச்சு கடலூர் துறைமுகச் சந்திப்புல இறங்கிட்டோம். வெளிய வந்தாலே முதுநகர்தான். ஊர்க்காரங்களுக்கு அது ஓ.டி., அதாவது ஓல்டு டவுன். உப்பனாத்து ஓரத்துல மீன்பிடி படகுங்க, ஐஸ் பெட்டி, மீன் வாடை. உள்ளே தெருவுல ஓட்டு வீடு, அகலத் திண்ணை, காரை உதிர்ந்து செங்கல் தெரியற பழைய கிட்டங்கிச் சுவர். சுவர் வெடிப்புல அரசங்கன்னு. துணி மூட்டையும் நெல் மூட்டையும் ஏறி இறங்கின வாசலுக்கு முன்னாடி இப்ப ஆட்டோ நிக்குது. கிளைவ் தெரு, வெல்லிங்டன் தெரு, லாரன்ஸ் ரோடு, இம்பீரியல் ரோடுன்னு கடலூர்ல பேரு மட்டும் அப்படியே இருக்கு.

கோட்டை இங்க இல்லை, வடக்கே தேவனாம்பட்டினத்துல, கெடிலம் கரையில. செயின்ட் டேவிட் கோட்டை. 1746-ல பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸைப் பிடிச்சப்போ கம்பெனி இங்கதான் ஒதுங்குச்சு. ராபர்ட் கிளைவ் தப்பிச்சு ஓடி வந்ததும் இங்கதான், பின்னாடி 1756-ல அதுக்கே அதிகாரியா வந்தான். 1758-ல லாலி தலைமையில பிரெஞ்சுப் படை வந்து கோட்டையைப் பிடிச்சு இடிச்சுத் தள்ளிருச்சு. மிச்சம் இருக்கிறது புதரும் கொஞ்சம் சுவரும்தான். பாத்ததும் மச்சான், "இதுக்கா இவ்வளவு தூரம்?"னு கேட்டாரு.

நான் பாக்க வந்தது சுவரை இல்லை. அந்தக் கோட்டையை வாங்கின கதைதான் என்னை ரொம்ப நாளா உறுத்திட்டிருந்தது.

1690-ல செஞ்சியில மராட்டிய ராஜா ராஜாராம் இருந்தாரு. மொகலாயப் படை நெருக்குது, அவருக்குப் பணம் வேணும். கோட்டையை இங்கிலீஷ் கம்பெனிக்கு வித்தாரு. கோட்டை மட்டுமில்ல, அதைச் சுத்தின நிலமும் சேர்த்து. எவ்வளவு நிலம்? அதுக்குத்தான் ஒரு கணக்கு: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டா குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அது வரைக்கும். மெட்ராஸ் கவர்னரா இருந்த எலிஹு யேல், இருக்கிறதிலேயே நல்ல பீரங்கியாப் பாத்து, சுடத் தெரிஞ்ச ஆளோட அனுப்பி வச்சான். அந்த வருசம் செப்டம்பர்ல நாலா திசையிலும் சுட்டாங்க. முதுநகரும் சுத்துப்பட்டு ஊர்களும் அந்த வட்டத்துக்குள்ள வந்துருச்சு. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம்னே பேரு வந்தது.

ஒண்ணு சொல்லணும். அதுக்காகக் குண்டு விழுந்த நிலத்துல இருந்தவனை அன்னைக்கே விரட்டிடலை. ஏர் ஓட்டினவன் ஓட்டிட்டேதான் இருந்தான். வரி வாங்குற கை மாறுச்சு. ஆனா வித்தவன் செஞ்சியில, வாங்கினவன் மெட்ராஸ்ல. நடுவுல இருந்த சம்சாரிக்குச் சேதி சொன்னது அந்த வெடிச்சத்தம்தான். வரப்பு எங்க இருக்கு, எவன் பங்கு எவ்வளவு, ஏரித்தண்ணி யாருக்கு, இதெல்லாம் பீரங்கிக்குத் தெரியுமா?

முதுநகர் டீக்கடையில பெரியவர் ஒருத்தர்கிட்ட, "ஐயா, குண்டு கிராமம்னா எந்த ஊருங்க?"ன்னு கேட்டேன். "குண்டு போட்டாங்களா? எந்தச் சண்டையிலங்க?"ன்னு திருப்பிக் கேட்டாரு. அவர் மேல குத்தமில்லை, யாரு சொல்லி வச்சாங்க அவருக்கு? யேல் பேரு மட்டும் உலகம் பூரா தெரியும். ஊருக்குத் திரும்பிப் போனவன் 1718-ல அமெரிக்காவுல ஒரு காலேஜுக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும் புத்தகமும் கொடுத்தான். அந்தக் காலேஜ்தான் இன்னைக்கு யேல் பல்கலைக்கழகம்.

எங்க பக்கத்துக் கதை வேற மாதிரி. 1792-ல திப்புகிட்ட இருந்து சேலம் சீமை கம்பெனி கைக்கு வந்தது. கேப்டன் ரீடும் அவருக்குக் கீழ தாமஸ் மன்றோவும் வந்து வயல் வயலாச் சங்கிலி பிடிச்சு அளந்தாங்க. சம்சாரிகிட்ட நேராப் பேசி வரி போடுற ரயத்துவாரி அப்படித்தான் முளைச்சது. வரி கொஞ்சநஞ்சமில்லை, அது தனிக்கதை. இருந்தாலும் வயல் வரைக்கும் நடந்து வந்து, இது யாரோடதுன்னு கேட்டாங்க. இன்னைக்கும் பழைய எஃப்.எம்.பி. படத்தை எடுத்தா அளவு லிங்க்ஸ்லதான் இருக்கும், அது சங்கிலிக் கணக்கு. பட்டாவை இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டுற பழக்கமும் அந்த வழியில வந்ததுதான்.

இதெல்லாம் பழங்கதைன்னு விட எனக்கு மனசு வரலை. 2018-ல எட்டுவழிச் சாலைக்குச் சேலம் பக்கம் போலீஸ் காவலோட கல்லு நட்டாங்க. நட்ட கல்லைச் சம்சாரிங்க பிடுங்கிப் போட்டாங்க. 2019 ஏப்ரல்ல ஐகோர்ட்டு செல்லாதுன்னுச்சு, 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு செல்லும்னுச்சு. எங்க ஓமலூர் தாலுகாவுலயே காமலாபுரம் விமான நிலையத்தைப் பெருசாக்க நிலம் எடுக்கிறோம்னதும் காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஜனங்க கிளம்பினாங்க. ரோடு வேணாம், விமானம் வேணாம்னு நான் சொல்ல வரலை. அளக்கறதுக்கு முன்னாடி வந்து கேளுன்னுதான் அவங்களும் சொன்னாங்க. கோடு எங்கயோ மேசையில போட்டாச்சு, கல்லு மட்டும் நம்ம காட்டுக்கு வருதுன்னா, அந்தக் கல்லுக்கும் 1690 குண்டுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியலை.

அதனாலதான் கேக்கறேன். பாரம்பரிய நடைன்னு சொல்லி நகரத்துல இருந்து கூட்டிட்டு வர்றவங்க, வெள்ளைக்காரன் குடியிருந்த வீட்டோட தூணையும் ஜன்னலையும் மட்டும் ஏன் காட்டறீங்க? கெடிலத்துக் கரையில ஆரம்பிச்சு குண்டு விழுந்த எல்லை வரைக்கும் ஒரு நாள் நடத்திக் கூட்டிட்டுப் போங்க. நடந்தாத்தான் அந்த வட்டத்துக்குள்ள எத்தனை வயல், எத்தனை குளம் இருந்திருக்கும்னு தெரியும். அரசாங்கமும் கோட்டை வாசல்ல ஒரு பலகை வச்சதோட நிறுத்தாம, அந்தந்த ஊர் எல்லையில தமிழ்ல ஒரு கல்லு நடட்டும். அதுல யேல் பேரு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. ஊர்ப் பேரும் வருசமும் இருக்கணும். இந்தக் கல்லை யாரும் பிடுங்க மாட்டாங்க.